பட்டாம்பூச்சி மடிக்க 15 செ.மீ. ஓரிகாமித் தாள் கட்டு: மதிப்புரை

ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை, 15 செ.மீ. சதுரம், 60 முதல் 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை கனம். 'ஓரிகாமி பேப்பர்' என்று கேட்டால் முதலில் கையில் வந்து விழுவது இந்தக் கட்டுதான். 'காமி' என்பார்கள், ஜப்பானிய மொழியில் காகிதத்துக்கே அதுதான் பெயர். பட்டாம்பூச்சி மடிக்கவென்று தாள் வாங்குபவர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, பூப்போட்ட வாஷி (ஜப்பானியப் பாரம்பரியத் தாள்), மின்னும் ஃபாயில், இரண்டு பக்கமும் நிறமுள்ள தடித்த தாள் என்று கண்ணைப் பறிப்பதைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, கீழே சொல்கிறோம். ஆனால் ஒரே சதுரத்தில் மடிக்கும் எளிய பட்டாம்பூச்சிக்கு இந்தச் சாதாரணக் காமியைவிட நன்றாக ஒத்துழைக்கும் தாள் வேறில்லை.

காரணம் கனத்தில் இருக்கிறது. இந்தப் பட்டாம்பூச்சி மேலோட்டமாகப் பார்த்தால் ஏழெட்டு மடிப்பு. ஆனால் உடல் பகுதியில் நடுக்கோட்டை ஒட்டி மட்டும் தாள் பத்து அடுக்காகச் சேர்கிறது. கடைசியில் உடலைக் கிள்ளி எழுப்பும்போது அது இருபது அடுக்கு. காமி ஒரு தாள் சுமார் 0.08 மி.மீ. என்றால் இருபது அடுக்கு 1.6 மி.மீ. விரல் நுனியால் கிள்ளினால் படிந்துவிடும். 120 ஜி.எஸ்.எம். தாளில் அதே இடம் சுமார் 3 மி.மீ. கிள்ளிய கையை எடுத்ததும் விரிந்துகொள்ளும். தாள் அழகாக இருக்கும், பூச்சி நிற்காது.

கட்டைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, சதுரத்தை. நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, மூலைக்கு மூலை வைத்துக் குறுக்காக மடியுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். பிரித்து, மற்ற இரண்டு மூலைகளையும் அதேபோல் சேர்த்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்த்தால் தாள் சதுரமில்லை. கீற்றின் அகலம்தான் நீள அகல வித்தியாசம். அரை மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மி.மீ. போனால் முக்கோணத்தின் அடிப்பக்கத்தில் முன் அடுக்கும் பின் அடுக்கும் சேராது, தலை ஒரு பக்கம் சாயும். எவ்வளவு கவனமாக மடித்தாலும் ஒரு இறக்கை பெரிதாகவே வரும்; மடிப்பவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே கட்டில் எல்லாத் தாளும் ஒரே அடியில் வெட்டப்படுவதால், ஒன்று பிசகியிருந்தால் பெரும்பாலும் எல்லாமே பிசகியிருக்கும். அதனால் இந்தச் சோதனைக்கு ஒரு தாளைச் செலவழிப்பது வீண் இல்லை.

அடுத்தது மொடமொடப்பு. தாளின் ஒரு மூலையைப் பிடித்து லேசாக உதறினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும். துணிபோல் தொங்கினால் ஈரம் ஏறிவிட்டது, அல்லது தாளே மென்மையானது. இந்த மாடலுக்கு மென்மை ஆகாது. தலையில் ஒரு கொக்கி வருகிறது; அந்தக் கொக்கி தாளின் விறைப்பில்தான் நிற்கிறது.

மூன்றாவது, தாளின் ஓட்டம். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை மடிக்காமல் இரு பக்கமும் மாறி மாறி வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாக வளையும், மறு திசையில் கொஞ்சம் எதிர்க்கும். சுலபமாக வளையும்போது உருவாகும் உருளைக்கு இணையாக ஓடுவதுதான் நாரின் திசை. அந்தத் திசையில் விழும் மடிப்பு நேராகப் படியும். குறுக்கே விழுந்தால் நிறம் லேசாக வெடித்து வெள்ளை தெரியும். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு ஆகிய மூன்றிலும்தான் இது கண்ணை உறுத்தும், ஏனென்றால் காமியின் நிறம் மேலே அச்சடித்தது, தாளுக்குள் ஊறியது அல்ல. மஞ்சள், இளநீலம், இளஞ்சிவப்பு போன்ற வெளிர் நிறங்களில் வெடிப்பே தெரியாது. அடர்நிறம் வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு பக்கத்து வெளிர் தாளில் கறையாகவும் படியும்; அடர்நிறத்தைக் கடைசியாக மடிப்பது நல்லது.

இனி, இந்தத் தாள் எந்தெந்த இடத்தில் சோதிக்கப்படுகிறது என்று மடிப்பு வரிசையிலேயே பார்க்கலாம்.

நிறப் பக்கத்தை மேலே வைத்து, மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடு சேர்த்துப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பிரியுங்கள். இந்த முன்பின் முக்கியம். இப்போது மூலைவிட்டங்கள் பள்ளமாகவும் குறுக்குக் கோடு மேடாகவும் விழுந்திருக்கும். இடது வலது ஓரங்களின் நடுப்புள்ளிகளை உள்ளே தள்ளினால் தாள் தானாகவே முக்கோணமாகச் சரியும். நல்ல காமியில் இந்தச் சரிவு விரலுக்கு வேலையே வைக்காது, தொட்டால் போதும். சரியாமல் முரண்டு பிடித்தால் மூன்று கோடுகளையும் ஒரே பக்கத்திலிருந்து மடித்திருக்கிறீர்கள் என்று பொருள். வலுக்கட்டாயமாக அழுத்தினால் நடுப்புள்ளியில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் பிறகு பூச்சியின் தலையில் போய் உட்காரும். பிரித்து, தாளைத் திருப்பி, குறுக்குக் கோட்டை மட்டும் எதிர்ப் பக்கம் மடித்துவிட்டால் சரியாகிவிடும். செங்குத்தாக இன்னொரு பாதிக் கோடு போடச் சொல்லும் முறைகளும் உண்டு. முக்கோணத்துக்கு அது தேவையில்லை, ஆனால் உடலைக் கிள்ளும்போது நடு எங்கே என்று காட்டும். போட்டுக்கொள்ளலாம்.

கட்டுக்குள் செய்முறைத் தாள் இருந்தால் அதில் விட்டு விட்டு வரும் கோடு பள்ள மடிப்பு, கோடும் புள்ளியும் கலந்து வருவது மேட்டு மடிப்பு. இந்தக் குறியீட்டு முறை ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கியது. மொழி தெரியாமலே யாரும் மடிக்க முடிகிறது என்றால் அவரால்தான். கோடும் அம்புக்குறியும் இல்லாமல் வெறும் புகைப்படங்களை மட்டும் அச்சடித்துத் தரும் கட்டுகள் இந்த விஷயத்தில் கை கொடுக்காது. எந்த அடுக்கு முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்று படத்தில் தெரியவே தெரியாது.

முக்கோணம் கிடைத்ததா? 15 செ.மீ. தாளில் அதன் அடிப்பக்கம் 15 செ.மீ., உயரம் 7.5 செ.மீ. கூர்முனையை மேலே வைத்து, முன் அடுக்கின் இரண்டு மூலைகளையும் கூர்முனையை நோக்கி மேலே மடியுங்கள். இவை கீழ் இறக்கைகள் ஆகும். நூல் பிடித்தாற்போல் முனையோடு முனை சேர்க்க வேண்டாம். நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாமல் மடித்தால் உடலைக் கிள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கசங்கும்.

மொத்தத்தையும் திருப்பி, கூர்முனை கீழே வரும்படி சுற்றுங்கள். எல்லாத் தாளும் ஜெயிப்பதும் தோற்பதும் அடுத்த மடிப்பில்தான். கூர்முனையை மேலே தூக்கி, மேல் ஓரத்தைத் தாண்டி ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி மடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முனை 7.5 செ.மீ. ஏறி, மேலும் 1 செ.மீ. தாண்டுகிறது. மொத்தம் 8.5. ஆகவே மடிப்பு விழும் இடம் முனையிலிருந்து 4.25 செ.மீ., மேல் ஓரத்திலிருந்து 3.25 செ.மீ. ஆனால் பின்னால் இருக்கும் கீழ் இறக்கைகளின் கீல், அதாவது அவை மடிந்த கோடு, மேல் ஓரத்திலிருந்து 3.75 செ.மீ. வரை இறங்குகிறது. அதாவது மடிப்புக் கோடு கீலின் கடைசி அரை செ.மீ.யை வெட்டிக்கொண்டு போகிறது. தட்டையாக மடிய அங்கே இடமே இல்லை. தாள் வளைந்துகொடுத்தே ஆக வேண்டும். அந்த வளைவுதான் கீழ் இறக்கைகளை வெளிப்பக்கம் தள்ளி, பூச்சிக்குப் பறக்கிற உருவத்தைத் தருகிறது. மேதாவித்தனமான மடிப்பு இது. உருவம் கோட்டில் இல்லை, தாளின் இழுவிசையில் இருக்கிறது.

அதனால் இந்த மடிப்பை ஓரத்துக்கு ஓரம் நகத்தால் நீவக் கூடாது. நடுவில் மூன்று செ.மீ. அளவுக்கு மட்டும் அழுத்துங்கள், இரு பக்கமும் உருண்டையாகவே இருக்கட்டும். முழுக்க நீவினால் மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் சேரும் இடுக்கில் முதலில் சுருக்கம் விழும், பிறகு கிழியும். ஒரு செ.மீ.க்குப் பதில் அரை செ.மீ. மட்டும் தாண்டவிட்டால் இழுப்பு குறையும், கிழியாது, ஆனால் இறக்கை தட்டையாகக் கிடக்கும், கொக்கியும் பிடிக்காது. ஒன்றரை செ.மீ.க்கு மேல் போனால் காமியே தாங்காது. ஒரு செ.மீ. என்பது 15 செ.மீ. தாளுக்குச் சரியான அளவு. தாள் மாறினால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முக்கோணத்தை மேல் ஓரத்தின் மேலாகப் பின்பக்கம் மடித்துக் கொக்கியாக மாட்டுங்கள். இதை மட்டும் அழுத்தி, நகத்தாலோ கரண்டியின் முதுகாலோ நன்றாக நீவுங்கள். பிறகு கொக்கி முக்கோணம் வெளியே தெரியும்படி பூச்சியை நடுக்கோட்டில் பாதியாக மடித்து, மேட்டிலிருந்து 4, 5 மி.மீ. தள்ளி இரு இறக்கைகளையும் திரும்ப விரித்துவிட்டால் உடல் எழும்பி நிற்கும்.

காமியின் முக்கியப் பலவீனம் இந்தக் கொக்கியில் வெளிப்படும். நான்கு அடுக்குத் தாள் ஓரத்தைச் சுற்றி வளைகிறது. ராத்திரி முழுக்க வைத்திருந்தால் காலையில் லேசாகத் தளர்ந்திருக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் இன்னும் தளரும். தடித்த புத்தகத்தின் அடியில் வைப்பது தீர்வு அல்ல, இறக்கையின் வளைவு போய்விடும். ஒரு துணிக் கிளிப்பைக் கொக்கியின் மேல் ஒரு மணி நேரம் மாட்டிவைத்தால் போதும். சரத்தில் தொங்கவிடுவதற்கு என்றால் கடுகளவு பசை வைப்பதில் தப்பே இல்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று. எந்தப் பக்கம் எங்கே போகிறது என்று தெரியாமல் அச்சுத் தாள் வாங்குபவர்கள் ஏமாந்துபோகும் இடம் இது. மேலே சொன்ன முறையில் மடித்தால் வெள்ளைப் பக்கம் எங்குமே தெரியாது. ஆகவே இந்த மாடலுக்காக இரட்டை நிறத் தாள் வாங்கினால் இரண்டாம் நிறம் உள்ளேயே புதைந்துவிடும். சதுரத்தின் நடுப்புள்ளி தலைக்குப் போகிறது. முன்னால் தெரியும் நான்கு இறக்கைகளும் சதுரத்தின் இடது, வலது முக்கோணங்களிலிருந்து மட்டுமே வருகின்றன. மேல், கீழ் முக்கோணங்கள் இரண்டும் பெரும்பாலும் பின்பக்கம் மறைகின்றன. நடுவில் பெரிய பூ போட்ட தாளை எடுத்தால் அந்தப் பூ மடிப்புக்குள் போய்த் தொலையும். சின்னப் புள்ளி, பொடிப் பூ, கோடு ஆகியவை பரவலாக வரும் தாள்தான் இதற்கு எடுக்கும்.

நிறம் மெல்ல மாறும் தாளைத்தான் இந்த மாடலுக்கு மனதாரச் சிபாரிசு செய்வோம். அதிலும் வைக்கும் திசை தெரிந்திருக்க வேண்டும். முதல் குறுக்கு மடிப்பு போடும்போது அடர்நிறம் மேலேயும் வெளிர்நிறம் கீழேயும் இருக்கட்டும். முக்கோணம் சரிந்தபின் அடர்ந்த அடுக்கைப் பின்னால் வைத்து, வெளிர்ந்த முன் அடுக்கின் மூலைகளை மடித்தால் மேல் இறக்கை இரண்டும் அடர்த்தியாக, கீழ் இறக்கை இரண்டும் வெளிராக, இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். தாளை 90 பாகை திருப்பி ஆரம்பித்துவிட்டால் இடது பக்கம் முழுக்க அடர்த்தி, வலது பக்கம் முழுக்க வெளிர். அதே தாள், அதே மடிப்பு, ஆனால் பாதி நனைந்த பூச்சிபோல இருக்கும்.

போட்டித் தாள்களில் முதலில் நிற்பது நகலெடுக்கும் ஏ4 தாள். 70, 80 ஜி.எஸ்.எம்.; மூலைவிட்டத்தில் மடித்து மிச்சத்தை வெட்டினால் 21 செ.மீ. சதுரம். பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. பெரிதாக இருப்பதால் இடுக்கில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் கத்தரியால் வெட்டாமல் ஸ்கேலும் பிளேடும் வைத்து வெட்டுங்கள். கத்தரி வெட்டில் ஓரம் அலை அலையாக வரும், பிசிறும் நிற்கும். 21 செ.மீ. தாளுக்குக் கொக்கி நீட்சி 1.4 செ.மீ.

ஃபாயில் தாளில் கொக்கி மாட்டினால் மாட்டியதுதான், அசையாது. அந்த ஒரு விஷயத்தில் காமியை அது தோற்கடிக்கிறது. ஆனால் தப்பாக விழுந்த ஒவ்வொரு கோடும் அழியாத தழும்பாக நிற்கும். உருண்டையாக வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நொறுங்கிச் சுருங்கும். கை பழகி, ஒரு கோடுகூட வீணாகப் போடாமல் மடிப்பவர்களுக்கு மட்டும் சரி.

வாஷிக்கு மரியாதை உண்டு. கோசோ மரப்பட்டையின் நீண்ட நார்; எத்தனை முறை மடித்துப் பிரித்தாலும் அறுந்துபோகாது. ஜப்பானியத் திருமணங்களில் சாக்கே (அரிசி மது) குடுவைகளில் கட்டும் ஆண், பெண் பட்டாம்பூச்சி ஜோடி மடிப்புக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் அந்த மென்மையே இந்த மாடலுக்கு எதிராக வேலை செய்கிறது. கோடு கூர்மையாக விழாது, கொக்கி சீக்கிரம் தளரும், இறக்கை தொங்கும். வாஷியில்தான் வேண்டும் என்றால் 20 செ.மீ.க்குக் குறையாத சதுரம் எடுத்து, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை நீவி, கொக்கிக்குப் பசை வைத்துவிடுங்கள். அச்சின் அழகு அந்தச் சிரமத்துக்கு ஈடுகட்டும்.

தாள் முழுக்க நிறம் ஊறிய, லேசாகச் சொரசொரப்பான தாள்கள் 80 ஜி.எஸ்.எம். அளவில் கிடைக்கும். மடிப்பில் வெள்ளை தெரியவே தெரியாது. கறுப்புப் பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் காமியை விட்டுவிட்டு இதை எடுங்கள். பத்திரிகைப் பளபளத் தாளைத் தொடவே வேண்டாம். மேல் பூச்சு மடிப்புதோறும் வெடித்து உதிரும். 100 ஜி.எஸ்.எம்.க்கு மேற்பட்ட தாளை ஈரத்துணியால் லேசாக ஒற்றி, ஈரப்பதத்தோடு மடித்துக் காயவிடும் முறை ஒன்று இருக்கிறது, அதையும் வளர்த்தவர் யோஷிசாவாதான். சிற்பம்போல் இறுகிவிடும். ஆனால் நிறம் அச்சடித்த காமியை நனைத்தால் சுருண்டு, சாயம் பரவி வீணாகும்.

அளவு விஷயத்தில் 7.5 செ.மீ. கட்டு பார்க்க ஆசையாக இருக்கும், மாலை கட்டவும் ஏற்றது. மறக்கக் கூடாதது, சதுரம் பாதியானாலும் தாளின் கனம் பாதியாவதில்லை. அதே இருபது அடுக்கு, அதே 1.6 மி.மீ., ஆனால் கிள்ளுவதற்கு இருப்பது 2 மி.மீ. உயர உடல். கொக்கி நீட்சி 5 மி.மீ.தான், விரல் நகத்தால் பிடித்து மாட்ட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இதை வாங்கிக் கொடுத்து ஓரிகாமியே பிடிக்காமல் செய்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு 15 செ.மீ. குறைந்தபட்சம், 24 அல்லது 25 செ.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது. பத்துப் பூச்சி 15 செ.மீ.யில் கையில் படிந்தபிறகு 7.5க்குப் போகலாம்.

சதுரச் சோதனையில் தோற்ற கட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு தாளை மூலைவிட்டத்தில் மடித்து, எட்டிப் பார்க்கும் கீற்றை மட்டும் ஸ்கேல் வைத்து பிளேடால் சீவி எடுங்கள். ஒரு பக்கம் சீவினால் போதும், நான்கு பக்கமும் சீவினால் புதிய பிசகு வரும். ஐந்தாறு தாளை ஒன்றாக அடுக்கிச் சீவாதீர்கள்; அடியிலுள்ள தாள் நழுவி வேறு அளவாகிவிடும். சீவிய தாளைப் பென்சிலில் 'ச' என்று வெள்ளைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கம் எப்படியும் வெளியே தெரியப்போவதில்லை.